மார்ஷல் பெட்டியின் வம்சாவளி

சங்கீத உபகரணங்களின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் வாசித்தவர்களின் புகழைப் பாடிவிட்டு, அவர்கள் கையிலிருந்த பொருளைச் செய்தவர்களை மறந்துவிடுகிறார்கள். செய்தவர்களை நினைவுகூர்பவர்கள்கூட, அவர்களுக்குச் சாமான் விற்ற கடைக்காரரையும், அதைக் கப்பலேற்றிய ஏஜெண்டையும், துறைமுகத்தில் தீர்வை விதித்த சர்க்காரையும் பற்றிப் பிரஸ்தாபிப்பதில்லை. மின்சாரக் கிதாரின் விஷயத்தில் இந்த மறதி பெரிய பிழையாக முடியும். ஏனெனில், கடந்த அறுபது ஆண்டுகளாக உலகெங்கும் ‘ராக்’ சங்கீதம் என்ற பெயரால் ஒலித்துவரும் அந்தக் கரகரத்த, நெடிது நிற்கும் நாதம் கிதாரில் பாதியும் ஒரு வால்வு ஒலிபெருக்கியில் பாதியுமாகப் பிறந்தது. அந்த ஒலிபெருக்கிகளில் மிகவும் பிரசித்தமான மார்ஷல் பெட்டி காலத்துக்குக் காலம் மாறியதற்குக் காரணம் கலைஞர்களின் சித்தத்தைவிட விலையும், ஒப்பந்தமும், வால்வுப் பஞ்சமுமே என்பதுதான் அதன் பல வடிவங்களை ஒப்பிட்டுப் பார்த்தபின் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம்.

நான் வசிக்கும் மயூர் விஹார், யமுனைக்குக் கிழக்கே, டி.டி.ஏ. வீடுகளும் கூட்டுறவுச் சங்கங்களின் அடுக்கு வீடுகளுமாக எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து எழும்பிய பேட்டை. லோதி காலனியிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் சர்க்கார் குவார்ட்டர்ஸில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, பென்ஷன் காலம் நெருங்கியதும் சேமித்த பணத்தைக் கொண்டு சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கி இங்கே குடியேறின. உத்தர குருவாயூரப்பன் கோயிலும் சுபசித்தி விநாயகர் கோயிலும் அமைந்து, உற்சவங்களும் கச்சேரிகளும் தொடங்கிய பிறகு, ஒலிபெருக்கி என்றால் இங்கே எல்லோருக்கும் தெரிந்தது மைக் செட்தான். 1940-இல் தொடங்கப்பட்டு, இன்றும் ஓக்லாவில் இயங்கும் அஹூஜா என்ற தில்லி ஸ்தாபனத்தின் பெயரை முகப்பில் தாங்கிய அந்தப் பெட்டி இல்லாத கோயிலோ சபையோ நாட்டில் அபூர்வம். மைக் செட்டுக்காரரின் தொழில் தர்மம் ஒன்றே: பாடுகிறவரின் குரல் கெடாமல், கரகரக்காமல், கடைசி வரிசைக்கும் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். கிதார் ஒலிபெருக்கியின் தர்மமோ இதற்கு நேர் எதிரிடையானது. அது நாதத்தைத் திரிக்க வேண்டும். ஆனால் அழகாகத் திரிக்க வேண்டும்.

இந்தத் திரிபு எப்படி நிகழ்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் சூடேறிய கேதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் புறப்பட்டு, எதிரே பல நூறு வோல்ட் அழுத்தத்தில் நிற்கும் தகட்டை நாடிச் செல்கின்றன. இடையே இருக்கும் கம்பிவலையின் மீது கிதாரின் சிறிய மின்னலையைச் செலுத்தினால், அந்தச் சிறு அசைவுக்கேற்பப் பெரிய ஓட்டம் கூடிக் குறைகிறது. அலை அளவுக்கு மீறிப் பெரிதாகும்போது வால்வினால் அதன் சிகரத்தை முழுமையாகக் காட்ட முடிவதில்லை, சிகரம் மழுங்குகிறது. மழுங்கிய அலையில், மூல ஸ்வரத்தோடு அதன் மேல் அனுஸ்வரங்கள் பல புதிதாகத் தோன்றுகின்றன. தம்பூராவின் குதிரைமேல், தந்திக்கு அடியில் ஜீவா நூலைச் சரியான இடத்தில் நகர்த்தி வைத்தவுடன், வறண்டு கிடந்த தந்தி திடீரென்று ரீங்காரமிட்டு அனுஸ்வரங்களைப் பொழிவதைக் கேட்ட நம்மவர்களுக்கு, திரிபு எவ்வாறு இனிமையாகும் என்பதைப் பிறர் விளக்க வேண்டியதில்லை. டிரான்சிஸ்டரும் சிகரத்தை வெட்டும். ஆனால் பெரும்பாலும் அது சட்டென்று வெட்டுகிறது, வால்வு தயங்கித் தயங்கி வளைக்கிறது. கேட்கிற காதுக்கு இந்தத் தயக்கமே பிடித்துப்போயிற்று.

ஜிம் மார்ஷல் 1923-இல் லண்டனில் பிறந்தவர். எலும்புருக்கி நோயால் பால்யத்தின் பெரும்பகுதியை ஆஸ்பத்திரியில், உடலைச் சுற்றிய மாக்கட்டுக்குள் கழித்தவர். பாடகராகவும் டிரம் வாத்தியக்காரராகவும் தொழில் செய்து, பல மாணவர்களுக்கு டிரம் கற்பித்துச் சேர்த்த பணத்தில், 1960-இல் மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில், அக்ஸ்பிரிட்ஜ் சாலையில் ஒரு வாத்தியக் கடை திறந்தார். டிரம் வாங்க வந்தவர்களோடு அவர்களுடைய கிதார்க்காரத் தோழர்களும் வந்தார்கள். பீட் டவுன்ஷெண்ட், ரிச்சி பிளாக்மோர் முதலிய அந்த இளைஞர்கள் யாரும் அப்போது பிரசித்தி பெற்றவர்கள் அல்லர். அவர்கள் விரும்பியது அமெரிக்காவின் ஃபெண்டர் ஒலிபெருக்கி. டாலர் நெருக்கடியால் அமெரிக்க வாத்தியங்களின் இறக்குமதியைப் பல ஆண்டுகள் தடுத்துவைத்திருந்த பிரிட்டிஷ் சர்க்கார் 1959-இல் அந்தத் தடையை விலக்கியிருந்தது என்றாலும், கப்பல் கூலியும் தீர்வையும் சேர்ந்து அதன் விலை அந்தப் பையன்களின் கைக்கு எட்டாத உயரத்தில் நின்றது. கடையில் ரிப்பேர் வேலை பார்த்த கென் பிரானும், இ.எம்.ஐ. கம்பெனியில் தொழில் பழகிக்கொண்டிருந்த டட்லி கிரேவன் என்ற வாலிபரும் ஃபெண்டரின் ‘பாஸ்மேன்’ என்ற மாதிரியைத் திறந்து பார்த்து, உள்ளூரில் கிடைக்கும் சாமான்களைக் கொண்டு அதைப் போலவே ஒன்று செய்ய முயன்றார்கள். பல சோதனைப் பெட்டிகள் தேறாமற்போய், 1962-இல் ஒன்று ஜிம் மார்ஷலின் காதுக்குச் சம்மதமாயிற்று. தம் பெயரையும் மகன் டெர்ரியின் பெயரையும் இணைத்து அதற்கு ஜே.டி.எம். 45 என்று பெயரிட்டார்.

நகலெடுத்தது என்று இதைச் சிலர் இழிவாகப் பேசுவதுண்டு. அந்தப் பேச்சு எனக்குச் சம்மதமில்லை. மின்சுற்றின் வரைபடம் ஏறக்குறைய ஒன்றேயானாலும், சாமான்கள் மாறின. பாஸ்மேனின் முதல் வால்வு மிதமான பெருக்கமுடையது. அதற்குப் பதில் பிரிட்டனில் தாராளமாகக் கிடைத்த இ.சி.சி. 83 இங்கே வைக்கப்பட்டது, அது இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருக்கவல்லது. அமெரிக்கப் பெட்டியில் முதுகு திறந்த கூண்டுக்குள் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் இருந்தன. மார்ஷலிலோ நான்கு பக்கமும் மூடிய பெட்டிக்குள் செலஸ்டியன் கம்பெனியின் 12 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு. ஆரம்பத்தில் வந்த சில பெட்டிகளுக்குப் பின் பவர் வால்வாகப் பிரிட்டனின் கே.டி. 66 அமைந்தது. எந்தச் சாமான் மலிவாகவும் அருகிலும் கிடைத்ததோ அது உள்ளே போயிற்று. அவ்வளவும் சேர்ந்தபோது, ஃபெண்டரின் கண்ணாடி போன்ற தெளிவு மங்கி, நடுஸ்தாயி முன்னே தள்ளி நிற்கும் புதியதொரு குரல் பிறந்துவிட்டது. 1966-இல் ஜான் மேயாலின் குழுவில் எரிக் கிளாப்டன் இந்த இனத்துப் பெட்டியொன்றை ஸ்டூடியோவில் முழு முழக்கத்தில் வைத்து வாசித்துப் பதிவு செய்த பிறகுதான், அந்தக் குரல் குறையன்று, குணமே என்பதை ஜனங்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இங்கே மாதிரி எண்களைப் பற்றி வாசகர்களை எச்சரித்து வைப்பது அவசியம். கிளாப்டன் வாசித்த, ஸ்பீக்கரும் ஒன்றாக அடங்கிய பெட்டியின் எண் 1962. நூறு வாட் ‘சூப்பர் லீட்’ பெட்டியின் எண் 1959. அதன் ஐம்பது வாட் தம்பியின் எண் 1987. இவை எல்லாம் விற்பனைப் பட்டியலின் வரிசை எண்களேயன்றி ஆண்டுகள் அல்ல. அறுபதுகளின் நடுவில் பிறந்த பெட்டிக்கு 1987 என்று பெயர் இருப்பதைக் கண்டு மயங்கி, தவறான காலத்தை எழுதியவர்கள் உண்டு.

டவுன்ஷெண்ட் முதலியோர் மேலும் மேலும் முழக்கம் கேட்டதன் பலனாக நூறு வாட் பெட்டி 1965 வாக்கில் தோன்றியது. அதே காலத்தில் கே.டி. 66 கைவிடப்பட்டு, மல்லார்ட் கம்பெனியின் இ.எல். 34 அதன் இடத்தைப் பிடித்தது. விலை குறைவு, வரத்து தாராளம், அவ்வளவே காரணம். ஆனால் கே.டி. 66 உருண்டையாக, அடக்கமாகப் பேசும், இ.எல். 34 சீக்கிரத்தில் முறுகி, நடுஸ்தாயியில் சீறும். ஹெண்ட்ரிக்ஸும் அவரைப் பின்பற்றியவர்களும் புகழ்பெற்றது இந்தச் சீற்றத்தால்தான். முகப்பில் பெர்ஸ்பெக்ஸ் தகடு இருந்ததால் ‘பிளெக்ஸி’ என்று இப்போது கொண்டாடப்படும் இந்தப் பெட்டிகளில், 1969-இல் அலுமினியத் தகடு வந்தது. தகடு மாறியதால் நாதம் கெட்டது என்று சத்தியம் செய்கிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். தகட்டுக்குப் பின்னால் உள்ள மின்சுற்று அப்போது பெரிதாக மாறவில்லை என்பதே உண்மை.

தமிழர்களாகிய நமக்கு இந்தக் கட்டத்தில் விசேஷமாக நினைக்கத் தக்கவர் ஒருவர் உண்டு. 1971-இல் மஹாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவை அமைத்த ஜான் மெக்லாஃப்லின், இரட்டைக் கழுத்துக் கிதாரை நூறு வாட் மார்ஷலில் இணைத்துப் புயல்வேகத்தில் வாசித்தவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்ற அவர், பிறகு வயலின் எல். சங்கர், கடம் விக்கு விநாயகராம், தபேலா ஜாகிர் ஹுசேன் ஆகியோரோடு ‘சக்தி’யை அமைத்தபோது, அந்த முழக்கத்தை முற்றிலும் விட்டுவிட்டு, பக்கத்தந்திகள் பூட்டிய மரக் கிதாரை எடுத்துக்கொண்டார். கடத்தின் ஒரு விரல் நாதம் கேட்க வேண்டுமானால் நூறு வாட் மௌனமாக வேண்டியதுதான். அந்தத் தியாகத்தின் அருமை, மார்ஷலின் நாதத்தை மனதாரக் காதலிப்பவர்களுக்கே முழுமையாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

எழுபதுகளில் இரண்டு மாறுதல்கள் நேர்ந்தன. கையால் ஒவ்வொரு கம்பியாகப் பற்றவைத்த பலகைக்குப் பதிலாக 1973, 74 வாக்கில் அச்சிட்ட சர்க்யூட் போர்டு வந்தது. இது உற்பத்திச் செலவைக் குறைக்க வந்த மாறுதல். இரண்டாவதுதான் முக்கியமானது. பிளெக்ஸி பெட்டியில் அந்த முறுகிய நாதம் வேண்டுமானால் வால்யூமைக் கடைசி வரை திருப்பியாக வேண்டும். சிறிய அரங்கத்தில் அப்படி வாசித்தால் சபையோர் எழுந்து போய்விடுவார்கள். 1975-இல் வெளிவந்த 2203 என்ற மாதிரி இந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. முன்பு முதல் வால்வின் இரண்டு பாதிகளும் இரண்டு தனித்தனி வழிகளுக்குப் பக்கம் பக்கமாக உழைத்துவந்தன; இப்போது ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டு, முதற்பாதி பெருக்கியதை இரண்டாம் பாதி மீண்டும் பெருக்கியது. அந்த இரண்டாம் பாதியின் கேதோடில் 10,000 ஓம் தடை வைக்கப்பட்டது. மற்றக் கட்டங்களில் உள்ளதைப் போலப் பல மடங்கு. இதனால் அந்த வால்வு எப்போதும் அரைத் தூக்கத்தில் இருப்பதுபோல் நின்று, அலையின் ஒரு பக்கத்தை மற்றதைவிட முன்னதாகவே மழுக்கிவிடுகிறது. இந்தச் சமமின்மையிலிருந்துதான் 2203-இன் கடிக்கும் தன்மை வருகிறது. கடைசியில் ஒரு மாஸ்டர் வால்யூம். முன்னே எவ்வளவு திரித்தாலும், வெளியே போகும் முழக்கத்தை வேண்டிய அளவுக்கு அடக்கிக்கொள்ளலாம். ‘ஹை கெய்ன்’ என்று பின்னாளில் பெயர் பெற்ற வம்சத்தின் ஒரு பெரிய கிளைக்கு மூலபுருஷன் இந்தப் பெட்டியே.

உலகம் இதை அறிந்திருப்பதோ 2203 என்ற பெயரால் அன்று, ஜே.சி.எம். 800 என்ற பெயரால். இதற்குப் பின்னணி ஒரு வியாபார உடன்படிக்கை. 1965-இல் மார்ஷல் தம் விநியோக உரிமையை ரோஸ் மோரிஸ் என்ற கம்பெனிக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுத்தார். அவர்கள் தங்கள் லாபத்தைச் சேர்த்து விற்றதால், வெளிநாடுகளில் விலை ஏறி விற்பனை மந்தமாயிற்று. தம் பெயரால் வேறு யாருக்கும் விற்க முடியாத நிலையில், பர்மிங்காமிலிருந்த பழைய நண்பர் ஒருவருக்காக ‘பார்க்’ என்ற வேறு பெயரில், உள்ளே ஏறக்குறைய அதே சரக்கோடு பெட்டிகள் செய்து கொடுத்தார் என்பதிலிருந்தே அந்த நிர்ப்பந்தத்தை ஊகிக்கலாம். ஒப்பந்தம் முடிந்து 1981-இல் சுதந்திரம் கிடைத்தவுடன், அதைக் கொண்டாடுவதுபோல் பெட்டியின் முகத்தை மாற்றி, ஜேம்ஸ் சார்லஸ் மார்ஷல் என்ற தம் முழுப் பெயரின் முதலெழுத்துகளையும், தம் மோட்டார் காரின் நம்பர் பலகையிலிருந்த 800-ஐயும் சேர்த்துப் புதுப் பெயர் சூட்டினார். உள்ளே இருந்தது ஆறு வருஷத்துக்கு முந்தைய அதே 2203 சுற்று.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இன்னொரு பேதம். அமெரிக்க விநியோகஸ்தர்கள் இ.எல். 34-இன் உறுதியில் நம்பிக்கை இழந்து, தங்கள் நாட்டில் பழகிய 6550 என்ற பருத்த வால்வைக் கேட்டு வாங்கினார்கள். அதனால் எழுபதுகளிலும் எண்பதுகளின் முற்பகுதியிலும் அமெரிக்கா சென்ற மார்ஷல்கள் கனத்த, இறுகிய கீழ்ஸ்தாயியோடு பேசின. இங்கிலாந்தில் தங்கியவை முன்போலவே சீறின. பெயரும் எண்ணும் ஒன்றாக இருந்தும் நாதம் இரண்டு. எந்தத் தேசத்துப் பெட்டி என்று கேட்காமல் ஜே.சி.எம். 800-ஐப் பற்றி வாதிடுவது வீண் சிரமம்.

எங்கள் பிளாக்கிலேயே மூன்றாவது மாடியில் ஒரு வாலிபர் இந்தப் பெட்டிகள் இரண்டை வைத்திருக்கிறார். ஒன்று எண்பதுகளின் ஆரம்பத்தில் செய்தது; கிதார் ஒயரைச் செருகும் இரண்டு துளைகளும் முகப்பில் மேலும் கீழுமாக இருப்பதைக் கொண்டு அதன் காலத்தை அறியலாம். மற்றது சற்றுப் பிந்தியது. துளைகள் பக்கம் பக்கமாக வந்துவிட்டன, அவை நேரே சர்க்யூட் போர்டின் மேலேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. “மாமா, கையை உள்ளே விட்டுடாதீங்கோ, அணைச்ச பிறகும் கரண்ட் தேங்கி நிக்கும்” என்று எச்சரித்துவிட்டு, பின்பக்கத் தட்டியைக் கழற்றிக் காட்டினார். ஸ்டெபிலைசரின் முள் 230-இல் நிலைத்தபின் பவர் ஸ்விட்சைப் போட்டு, நிமிஷக் கணக்கில் காத்திருந்து, பிறகே ஸ்டாண்ட்பையைத் திறந்தார். நான்கு இ.எல். 34-களும் அடியில் தணல் நிறம் கொண்டு, தந்தியைத் தட்டும்போதெல்லாம் கண்ணாடிச் சுவரில் மெல்லிய நீலம் படர்ந்து மறைந்தது. ப்ரீஆம்ப் குமிழை முக்கால் பங்கும், கீழ்வீட்டாரை உத்தேசித்து மாஸ்டரை மயிரிழை அளவும் திருப்பி, ஒரே ஒரு தந்தியை மீட்டினார். நாதம் தேய்வதற்குப் பதிலாகக் கனிந்துகொண்டே போயிற்று. பின்னர் கிதாரிலுள்ள வால்யூமைச் சற்றே குறைத்தார். கரகரப்பு முழுவதும் விலகி, சுத்தமான மணி நாதம் வந்தது. பெட்டியைத் தொடாமலேயே விரலசைவில் இரண்டு குரலும் கிடைப்பதுதான் இதன் உயிர்நிலை என்று தோன்றியது. இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிக் கேட்டதில் பழையது ஓரிழை முரடாகவும் புதியது ஓரிழை இறுக்கமாகவும் ஒலித்தன. கண்ணை மூடிக்கொண்டால் எல்லோராலும் பிரித்துச் சொல்ல முடியும் என்று நான் உறுதி கூறமாட்டேன்.

இந்தப் பெட்டிகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முழங்கிய காலத்தில், இந்தியாவில் அவற்றை வரவழைப்பது சாமானிய காரியமாக இருக்கவில்லை. இறக்குமதி லைசென்ஸும் சுங்கவரியும் சேர்ந்து, மின்சாரக் கிதார் பழகிய பையன்களை மைக் செட் ஆம்ப்ளிஃபயரிடமே அனுப்பின. தெளிவுக்காகச் செய்யப்பட்ட பெட்டியை அளவுக்கு மீறி முடுக்கி, கிடைத்த கரகரப்பைக் கொண்டு திருப்தியடைந்தார்கள். 1991-இல் தில்லியில் ‘பரிக்கிரமா’ குழு தோன்றியதும், 1993-இல் அலகாபாத்திலிருந்து ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகை வெளிவரத் தொடங்கியதும், அந்தப் பத்திரிகை நடத்திய கிரேட் இந்தியன் ராக் விழா 1997-இல் தில்லியில் ஆரம்பமானதும், இறக்குமதிக் கதவு சிறிது சிறிதாகத் திறந்த அதே வருஷங்களில் நிகழ்ந்தவை. ஆயினும் வால்வு நமக்கு அந்நியப் பொருளன்று. 1954-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1961-இலேயே ரேடியோ வால்வுகளை உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டது. முர்ஃபி, பிலிப்ஸ் ரேடியோக்களில் நம் வீடுகளுக்கு ஆகாசவாணியைக் கொண்டுவந்தவற்றில் அந்தப் பெங்களூர் வால்வுகளும் உண்டு.

மார்ஷலின் பிற்காலத்தை விரைந்து சொல்லிவிடலாம். 1987-இல் வெள்ளி நிறம் பூண்ட ஜூபிலி மாதிரி வந்தது, 1990-இல் ஜே.சி.எம். 900 வந்தது. அதன் பிரசித்தமான வகையில் திரிபின் ஒரு பகுதியை வால்வுக்குப் பதில் டயோடுகள் செய்தன. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள், எனக்கும் அது வறட்சியாகவே படுகிறது. அதற்குள் அமெரிக்காவில் சோல்டானோ 1987-இலும், பீவியின் 5150-உம் மேசா பூகியின் ரெக்டிஃபையரும் 1992-இலும் வெளிவந்து, பெருக்கக் கட்டங்களை இன்னும் அடுக்கி, மார்ஷல் தொடங்கிய காரியத்தை மார்ஷலைவிட வெகுதூரம் கொண்டுபோயின. 2002-இல் பழைய 2203-ஐயே மறுபடியும் செய்து விற்க மார்ஷல் கம்பெனி முன்வந்தது. ஜிம் மார்ஷல் 2012 ஏப்ரலில் காலமானார். 2023-இல் கம்பெனி ஸ்வீடன் நாட்டு ஸவுண்ட் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று.

வால்வுப் பஞ்சம் மட்டும் தீரவில்லை. மல்லார்டும், கே.டி. 66 செய்த தொழிற்சாலையும் எண்பதுகளிலேயே வால்வுத் தொழிலைக் கைவிட்டன. இன்று உலகத்துக் கிதார் ஒலிபெருக்கிகளுக்கெல்லாம் வால்வு கொடுப்பவை பெரும்பாலும் ருஷ்யாவின் சராடோவ், ஸ்லோவாக்கியாவின் சாட்ஸா, சீனா ஆகிய இடங்களிலுள்ள விரல்விட்டு எண்ணத்தக்க ஆலைகளே. 2022 மார்ச்சில் யுத்தத்தை ஒட்டி ருஷ்யா ஏற்றுமதியைத் தடுத்தபோது, சில வாரங்களில் உலகமெங்கும் விலை தாவியேறியது. மூன்றாவது மாடி வாலிபர் அப்போது செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் தேடி, பழைய ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருவரிடமிருந்து அட்டைப்பெட்டி பிரிக்காத பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இ.சி.சி. 83 ஒரு ஜோடி வாங்கிவந்தார். பழைய பெட்டியின் முதல் சாக்கெட்டில் ஒன்றைச் செருகியபோது, ருஷ்ய வால்வைவிட இரைச்சல் சற்று அதிகம். மேல்ஸ்தாயியின் முனை சற்றே மழுங்கியிருந்தது. அதை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறார். இன்னொன்றைப் புதிய பெட்டியில் போட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.